டாக்ஸிவேயில் வழி தவறிய அன்று

சின்ன விமானம் ஓட்டுகிறேன் என்று தெரிந்ததும் ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "அவ்வளவு உயரத்தில் போறப்ப பயமா இருக்காதா?" உயரத்தில் எனக்கு அப்படி ஒன்றும் பயம் வந்ததில்லை. 3,000 அடி உயரத்தில் யோசிக்க நேரம் இருக்கும், சுற்றிலும் இடம் இருக்கும், ஏதாவது புரியவில்லை என்றால் ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பப் பார்க்கலாம். என்னை உண்மையிலேயே நடுங்க வைத்தது, மூன்று சக்கரமும் தரையில் இருந்த ஒரு நாள். வேகம் என்று பார்த்தால் ஒரு ஆள் எட்டி நடக்கிற வேகம்தான். அன்று நான் ஒரு பெரிய விமான நிலையத்தின் டாக்ஸிவேயில் வழி தவறி, இன்னொரு ஓடுபாதையின் ஓரத்தில் போய் நின்றேன். இதை இத்தனை நாள் எழுதவில்லை. இப்போது எழுதக் காரணம் கடைசியில் வருகிற அந்தத் தம்பி.

டாக்ஸிவே என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விமானம் நிற்கிற இடத்திலிருந்து ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து போகிற பாதைதான் அது. அடுத்த தடவை ஜன்னலோர இருக்கை கிடைத்தால், விமானம் கிளம்பி மெதுவாக ஊரும்போது வெளியே பாருங்கள். புல்தரையில் குட்டையாகப் பலகைகள் நிற்கும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால், நீங்கள் இப்போது இருக்கிற பாதையின் பெயர் அது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தும் அம்புக்குறியும் இருந்தால், அந்தப் பக்கம் திரும்பினால் வரப்போகிற பாதை. சிவப்புப் பலகையில் வெள்ளை எண்கள் இருந்தால், அதற்கு அந்தப் பக்கம் ஓடுபாதை, அனுமதி இல்லாமல் ஒரு அடி தாண்டக் கூடாது. சென்னை மீனம்பாக்கத்தில் இறங்கி ஏறியவர்கள் 07, 25, 12, 30 என்ற எண்களைப் பார்த்திருக்கலாம். ஓடுபாதை பார்க்கிற திசையை டிகிரியில் எடுத்து, கிட்டத்துப் பத்தாக்கி, கடைசி இலக்கத்தை விட்டுவிட்டால் வருகிற எண் அது. 07 என்றால் ஏறக்குறைய 70 டிகிரி, அதே பாதையை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் 25.

டாக்ஸிவேக்களுக்கு எண் கிடையாது, எழுத்துதான். ஏ, பி, சி, டி என்பதை ரேடியோவில் ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று சொல்வோம். ஐ, ஓ இரண்டும் ஒன்று, பூஜ்ஜியம் போலத் தெரியும் என்பதால் வைக்க மாட்டார்கள். எக்ஸ் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் தரையில் பெரிய எக்ஸ் போட்டிருந்தால் மூடிய பாதை என்று பொருள். பெரிய நிலையங்களில் எழுத்துகள் தீர்ந்துபோய் ஏ1, ஏ2 என்று கிளைகளும், அதற்கு மேல் இரட்டை எழுத்துகளும் வரும்.

இது எல்லாம் தேர்வுக்குப் படித்து, மனப்பாடமாகத் தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் வழி தவறினேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நான் கற்றுக்கொண்டது டெக்சாஸில் ஒரு சிறிய நிலையத்தில். ஒரே ஓடுபாதை, அதற்கு இணையாக ஒரே டாக்ஸிவே, விமானங்களுக்கு அனுமதி தருகிற கட்டுப்பாட்டு டவர் கிடையாது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. "இன்ன விமானம், இன்ன ஓடுபாதைக்குப் போகிறேன்" என்று பொது அலைவரிசையில் நாமே அறிவித்துவிட்டுப் போக வேண்டியதுதான். அங்கே வழி தவற வேண்டுமென்று நினைத்தாலும் முடியாது. ஆனால் பிரைவேட் பைலட் உரிமத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: டவர் இயங்குகிற ஒரு நிலையத்தில், தனியாக, மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் முழுதாக நிறுத்தி. தொட்டுவிட்டு உடனே மேலே ஏறுவது கணக்கில் வராது. அதாவது ஒவ்வொரு முறையும் ஓடுபாதையை விட்டு வெளியே வந்து, டாக்ஸிவே வழியாகச் சுற்றி, திரும்ப ஆரம்பத்துக்குப் போக வேண்டும்.

அதற்காகத்தான் அன்று போனேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். இரண்டு ஓடுபாதைகள், வணிக விமானங்கள் ஒன்றிரண்டு, தனியார் ஜெட்கள் நிறைய. ஒரு தடவை பயிற்சியாளருடன் அங்கே போயிருந்தேன். அப்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "இடது, இங்கே இடது, நேரா போ" என்று சொல்லிக்கொண்டே வந்ததில், வழியை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே ஒரு ஊருக்குப் போய் வந்தவன் மாதிரிதான்.

முதல் இறக்கம் நன்றாகவே நடந்தது. டவர் சொன்ன வழியில் திரும்பி வந்தேன், மறுபடி ஏறினேன். இரண்டாவது இறக்கத்தில் கொஞ்சம் நீளமாக ஓடிவிட்டேன், முந்தைய வெளிவழியைத் தாண்டி அடுத்ததில் திரும்பச் சொன்னார்கள். அங்கேதான் கணக்கு மாறியது. வெளியே வந்து, மஞ்சள் கோடுகளை முழுதாகத் தாண்டி நிறுத்தினேன். இந்தக் கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஓடுபாதைக்கு முன்னால் தரையில் நான்கு மஞ்சள் கோடுகள் குறுக்கே போட்டிருக்கும், இரண்டு முழுக்கோடு, இரண்டு விட்டுவிட்டுப் போட்டது. முழுக்கோடு நம் பக்கம் இருந்தால் நிற்க வேண்டும், விட்டுவிட்டுப் போட்டது நம் பக்கம் இருந்தால் தாண்டிவிட வேண்டும். விமானத்தின் வால் வரைக்கும் தாண்டினால்தான் ஓடுபாதையை விட்டு வெளியே வந்ததாகக் கணக்கு. மூக்கு மட்டும் தாண்டி நின்றால், பின்னால் இறங்கி வருகிறவனுக்கு நம் வால் இன்னும் பாதையில்தான் இருக்கிறது.

டாக்ஸிவே போக்குவரத்தைக் கவனிக்கிற கிரவுண்ட் அலைவரிசைக்கு மாறினேன். கன்ட்ரோலர், ஒரு பெண், படபடவென்று சொன்னார்: சார்லி, அப்புறம் பிராவோ வழியாக ஓடுபாதை 31க்குப் போ, ஓடுபாதை 18க்கு முன்னால் நில். முழங்காலில் கட்டியிருந்த அட்டையில் பென்சிலால் "சி பி /18" என்று எழுதினேன், அப்படியே திருப்பிச் சொன்னேன். எல்லாம் சரி. காது சரியாகக் கேட்டது, கை சரியாக எழுதியது, வாய் சரியாகச் சொன்னது. கண் மட்டும் தவறியது.

சார்லி போய் முடிகிற இடத்தில் மூன்று டாக்ஸிவே கூடுகிற ஒரு பெரிய சிமென்ட் மைதானம். வரைபடத்தில் அது சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. நான் ஓட்டிய சின்ன விமானமான செஸ்னா 172-இன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் கோவில் திருவிழா முடிந்த திடல் மாதிரி விரிந்து கிடந்தது. பெரிய விமானத்தின் பைலட் இரண்டாவது மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பது போல உயரத்தில் இருப்பார், தரையில் கோடு எப்படி வளைகிறது என்று அவருக்குத் தெரியும். நாம் உட்கார்ந்திருப்பது கிட்டத்தட்ட ஒரு லாரி டிரைவர் உயரம், முன்னால் எஞ்சின் மூடி மறைக்கும். பலகைகள் சிமென்ட்டின் ஓரத்தில் புல்லில் இருக்கும். நடுவில் போகிறவனுக்கு மூன்று மஞ்சள் கோடு மூன்று பக்கம் பிரிந்து போவது மட்டும்தான் தெரியும். நான் வலது பக்கம் வளைந்த கோட்டைப் பிடித்தேன். வலப்பக்கம் வளைந்த கோடுகள் இரண்டு இருந்தன.

கொஞ்ச தூரத்தில் சிவப்புப் பலகை வந்தது: 18-36. நான் எதிர்பார்த்தது அதைத்தான். ஓடுபாதை 18க்கு முன்னால் நில் என்றார்கள், இதோ 18, இதோ மஞ்சள் கோடுகள். மனசு நிம்மதியானது. கோட்டுக்கு முன்னால் நிறுத்தி, "பிராவோவில், 18க்கு முன்னால் நிற்கிறேன்" என்று சொல்ல மைக் பட்டனில் விரல் வைத்துவிட்டேன். சொல்லவில்லை. ஏன் இடது பக்கம் பார்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. சிவப்புப் பலகைக்கு ஒட்டினாற்போலக் கறுப்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் மஞ்சளாக ஒரே ஒரு எழுத்து. டி.

நான் பிராவோவில் இல்லை. டெல்டாவில் இருந்தேன்.

அடுத்த அரை நிமிடம் நான் ஒன்றும் செய்யவில்லை. ரேடியோவில் மற்றவர்கள் அழகாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொருவரும் அவரவர் எண்ணைச் சொல்லி, கணீரென்று. நடுவில் புகுந்து "எனக்கு வழி தெரியவில்லை" என்று எப்படிச் சொல்வது? என் உச்சரிப்பு ஏற்கெனவே வேற்றூர் உச்சரிப்பு. இதைச் சொன்னால் பயிற்சிப் பள்ளியில் தெரிந்துவிடுமோ, உரிமம் தர மாட்டார்களோ, சத்தமில்லாமல் அப்படியே திரும்பி சார்லிக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியாதே என்றெல்லாம் ஓடியது. திரும்புவதற்காகக் காலைப் பெடலில் அழுத்தக்கூடச் செய்தேன். அப்போது என் மூக்குக்கு நேர் எதிரே, இடமிருந்து வலமாக, ஒரு ஜெட் ஓடுபாதை 18-இல் பாய்ந்து போய் மேலே எழும்பியது. 172-இன் கதவு அதிர்ந்தது. பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

அதற்கப்புறம்தான் பட்டனை அழுத்தினேன். ஸ்டூடண்ட் பைலட், டெல்டாவில் 18க்கு முன்னால் நிற்கிறேன், பிராவோவைத் தவறவிட்டேன், இந்த இடம் எனக்குப் பழக்கமில்லை, படிப்படியாக வழி சொல்லுங்கள். குரல் எப்படி வந்ததோ தெரியாது. அந்தப் பெண், "பரவாயில்லை, அங்கேயே நில்" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, கிண்டல் இல்லை. ஒரு நிமிடம் கழித்து, டெல்டாவிலேயே 18-ஐக் கடக்கச் சொல்லி, கடந்ததும் அடுத்த வலது என்று சொல்லி, நான் அங்கே போனதும் இப்போது நேராக வா என்று சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி 31-இன் வாசலில் கொண்டு வந்து விட்டார். பேச்சின் வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தார் என்பதை அப்புறம்தான் உணர்ந்தேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. என்னை உறுத்தியது வழி தவறியது இல்லை. நான் சொல்லவிருந்த அந்த வாக்கியம். "பிராவோவில் நிற்கிறேன்" என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார். "பிராவோவில் 18-ஐக் கட" என்றிருப்பார். நான் வேறு இடத்தில் கடந்திருப்பேன்.

அதிலிருந்துதான் விபத்து அறிக்கைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஸ்பெயினின் டெனெரிஃபைத் தீவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், 1977 மார்ச் 27, ஓடுபாதையில் மோதிக்கொண்ட இரண்டு ஜம்போ ஜெட், 583 உயிர்கள். அதிலும்கூட, மூடுபனியில் அந்த இரண்டில் ஒன்றான பான் ஆம் நிறுவன விமானத்தை மூன்றாவது வெளிவழியில் திரும்பச் சொன்னதும், அவர்கள் அதைத் தாண்டிப் போய் இன்னும் ஓடுபாதையிலேயே இருந்ததும் கதையின் ஒரு பகுதி. ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவை வேறு இரண்டு விபத்துகள், இரண்டிலும் வழி தவறியது சின்ன விமானம்.

ஒன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், 1994 நவம்பர் 22 இரவு. ஒரு செஸ்னா 441, இரட்டை எஞ்சின் விமானம், உள்ளே இரண்டு பேர். அது கொஞ்ச நேரம் முன்னால் ஓடுபாதை 30 வலதில், அதாவது இணையான இரண்டில் வலப்பக்கத்து ஓடுபாதையில் இறங்கி, பயணியை விட்டுவிட்டுத் திரும்பக் கிளம்பியது. கிளம்புவதற்கு அதற்குக் கொடுத்த ஓடுபாதை 31. சிறிய விமானங்களுக்கு எப்போதாவதுதான் அதைக் கொடுப்பார்கள். நிலையத்தின் பதிவுசெய்த அறிவிப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பைலட்டின் மனதில் இருந்தது தான் இறங்கிய 30 வலதுதான். அங்கேயே போய், ஓடுபாதையின் நடுவே, அனுமதிக்காகக் காத்து நின்றார். அதே ஓடுபாதையில் பின்னாலிருந்து டி.டபிள்யூ.ஏ நிறுவனத்தின் எம்.டி-82 என்ற பெரிய பயணிகள் விமானம் புறப்பட்டு வந்தது. செஸ்னாவில் இருந்த இருவரும் இறந்தார்கள், பெரிய விமானத்தில் இருந்தவர்கள் தப்பினார்கள். அறிக்கை சொல்லும் காரணம், தனக்குக் கொடுத்தது 30 வலதுதான் என்று பைலட் தவறாக நம்பிவிட்டார் என்பது. 31 என்று அவரிடம் சொல்லத்தான் செய்தார்கள். எதிர்பார்ப்பு காதை விடப் பலமாக இருந்திருக்கிறது. எனக்கு டெல்டாவில் சிவப்புப் பலகையைப் பார்த்ததும் வந்த அந்த நிம்மதி இருக்கிறதே, அதேதான் அவருக்கும் வந்திருக்கும். இறங்கிய இடம், பழகிய இடம், சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று.

இன்னொன்று இத்தாலியில், மிலானின் லினாத்தே நிலையம், 2001 அக்டோபர் 8. காலை எட்டு மணி, அடர்ந்த மூடுபனி. மேற்குப் பக்கம் சிறிய விமானங்கள் நிற்கிற இடத்திலிருந்து ஒரு செஸ்னா சைட்டேஷன் ஜெட் கிளம்பியது. அங்கிருந்து வெளியே வரும் பாதை இரண்டாகப் பிரியும்: ஆர்5 வடக்கே போய், ஓடுபாதையின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகும். ஆர்6 தென்கிழக்கே போய் ஓடுபாதையை நேராக நடுவில் வெட்டும். கன்ட்ரோலர் சொன்னது ஆர்5 வழியாக வடக்கே போ, பிரதான ஓடுபாதையின் நீட்சிக்கு முன்னால் இருக்கிற நிறுத்தக் கோட்டில் என்னைக் கூப்பிடு என்று. பைலட் திருப்பிச் சொல்லும்போது ஆர்5 என்று சொன்னார், வடக்கு என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. நீட்சி என்ற வார்த்தையும் போய்விட்டது, பிரதான ஓடுபாதைக்கு முன்னால் கூப்பிடுகிறேன் என்றார். யாரும் திருத்தவில்லை. பாதை பிரிகிற இடத்தில் தரையில் போட்டிருந்த எழுத்துகள் தேய்ந்துபோயிருந்தன. அவர்கள் ஆர்6-ஐப் பிடித்தார்கள்.

போகிற வழியில் தரையில் எஸ்4 என்று ஒரு குறி இருந்தது. பைலட் அதைப் பார்த்து, எஸ்4-ஐ நெருங்குகிறோம் என்று ரேடியோவில் சொன்னார். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவர் செய்தது சரியான காரியம். எங்கே இருக்கிறோம் என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னார். ஆனால் அந்த எஸ்4 அதிகாரபூர்வ வரைபடங்களில் இல்லை. டவரில் இருந்தவருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அவர் அதை அர்த்தமில்லாத ஒன்றாக எடுத்துக்கொண்டு, மேலே போகச் சொன்னார். தரை ரேடார் இருந்திருந்தால் திரையில் புள்ளி தவறான பக்கம் நகர்வது தெரிந்திருக்கும். பழைய ரேடாரை நிறுத்தியிருந்தார்கள், புதியது இன்னும் வேலைக்கு வரவில்லை. சைட்டேஷன் ஓடுபாதைக்குள் நுழைந்தபோது, கோபன்ஹேகனுக்குக் கிளம்பிய எஸ்.ஏ.எஸ் நிறுவனத்தின் எம்.டி-87 பயணிகள் விமானம் முழு வேகத்தில் வந்துகொண்டிருந்தது. பெரிய விமானத்தில் 110 பேர், சின்ன விமானத்தில் 4 பேர், விமானம் போய் மோதிய பெட்டிகள் கையாளும் கட்டடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 4 பேர். மொத்தம் 118. நிலையத்துக்குப் பக்கத்துப் பூங்காவில் அவர்கள் நினைவாக 118 பீச் மரங்கள் நட்டிருக்கிறார்கள்.

லினாத்தே பற்றிப் பேசும்போது சிலர் அந்த ஜெர்மானிய பைலட்டுகளின் தவறு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. அந்தப் பனியில் அந்த நிலையத்தின் தரையையே அவர்களுக்கு எதிராகத் திருப்பி வைத்த மாதிரி இருந்தது: தேய்ந்த எழுத்து, வரைபடத்தில் இல்லாத குறி, இல்லாத ரேடார். மூடுபனியில் புறப்படுவதற்கான தகுதி அந்த பைலட்டுகளுக்கு இல்லை என்பதும் உண்மை, அதை மறைக்கவில்லை. ஆனாலும் கடைசி நிமிடத்தில் ஒருவர் தன் இடத்தைச் சொல்கிறார், கேட்கிறவருக்கு அது புரியவில்லை, புரியவில்லை என்று அவரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

விதிகள் மாறிக்கொண்டுதான் வருகின்றன. அமெரிக்காவில் முன்பெல்லாம் "இன்ன ஓடுபாதைக்குப் போ" என்று ஒரு வார்த்தை சொன்னால், வழியில் குறுக்கிடுகிற மற்ற ஓடுபாதைகளையும் கடக்கலாம் என்று அர்த்தம். 2010 ஜூன் 30 முதல் அது கிடையாது. ஒவ்வொரு ஓடுபாதைக்கும் தனித்தனியாக, பெயர் சொல்லி அனுமதி வேண்டும். அதே ஆண்டு செப்டம்பர் 30 முதல் ஓடுபாதையில் ஏறி நின்று காத்திருக்கச் சொல்கிற வாசகத்தையும் உலகம் முழுக்கச் சொல்கிற வாசகத்துக்கு மாற்றினார்கள். வழக்கமாகக் குழப்பம் நடக்கிற சந்திப்புகளை நிலைய வரைபடத்திலேயே வட்டமிட்டு, எச்.எஸ் 1, எச்.எஸ் 2 என்று போட்டிருப்பார்கள், ஹாட் ஸ்பாட் என்று அர்த்தம். நான் தவறிய அந்தச் சிமென்ட் திடலுக்கும் வட்டம் இருந்தது. முந்தின நாள் பார்த்திருந்தேன். பார்த்தேன், படிக்கவில்லை.

நான் கேட்ட அந்தப் படிப்படியான வழிகாட்டலுக்கு புரோகிரசிவ் டாக்ஸி என்று பெயர். யார் வேண்டுமானாலும் கேட்கலாம். வெறும் மூன்று நொடி ஆகும் கேட்பதற்கு. அப்படி ஒன்று இருக்கிறது என்று தேர்வுக்குப் படிக்கும்போது எல்லோரும் படிக்கிறோம், கேட்பவர்கள் குறைவு. எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வரும். சின்ன வயதில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு எங்காவது போனால் அப்பா யாரிடமும் வழி கேட்க மாட்டார், பத்திரிகையைப் பார்த்துக்கொண்டே அவர் பாட்டுக்கு நடப்பார். அம்மா விட மாட்டார். டீக்கடையில் ஒருவரைக் கேட்பார், அடுத்த முக்கில் பூக்காரம்மாவைக் கேட்பார், மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில்கூட "ஏங்க, இந்த வழிதானே?" என்று இன்னொருவரைக் கேட்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். கேட்டால், வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டா என்பார். சில ஊர்களில் சைக்கிளில் போகிற பெரியவர் யாராவது, "என் பின்னாடி வாங்க" என்று மண்டபத்து வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விட்டிருக்கிறார். புரோகிரசிவ் டாக்ஸி என்றால் எனக்கு அந்த சைக்கிள்காரர்தான்.

பயிற்சிப் பள்ளிகளில் டாக்ஸி என்பதை விமானம் ஓட்டுவதற்கு முன்னால் வருகிற ஒரு சில்லறை வேலை மாதிரி நடத்துகிறார்கள். இறக்கத்தை நூறு தடவை பழக்குவார்கள். தரையில் எப்படித் திருப்புவது என்பதற்கு முதல் வகுப்பில் பத்து நிமிடம், கையால் சக்கரத்தைத் திருப்பாதே, காலால் பெடலை அழுத்து, அவ்வளவுதான். வழி கண்டுபிடிப்பது தானாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. அதற்கும் தனியாக ஒரு முழு நாள் வேண்டும், பழக்கமில்லாத ஒரு பெரிய நிலையத்துக்குக் கூட்டிப்போய், பயிற்சியாளர் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

இப்போது நான் செய்வது என்னவென்றால், போகப்போகிற நிலையத்தின் வரைபடத்தை முந்தின ராத்திரி காகிதத்தில் எடுத்து, எந்த ஓடுபாதையில் இறங்கினால் எந்த வழி வரும் என்று விரலால் ஓட்டிப் பார்ப்பேன். விரலால் ஓட்டும்போது "இங்கே 18 குறுக்கே வரும்" என்று வாய்விட்டுச் சொல்வேன், வீட்டில் பழகிவிட்டார்கள். தரையில் இறங்கிய பிறகு, திசைகாட்டிக் கருவியைப் பார்ப்பேன். நான் போக வேண்டியது தெற்கு என்றால் அது தெற்கு காட்ட வேண்டும், கிழக்கு காட்டினால் கோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது என் கோடு இல்லை. இதை ஒருவர் சொல்லிக்கொடுத்தபோது, தரையில் போகிறவனுக்கு எதற்குத் திசைகாட்டி என்று நினைத்தேன். லினாத்தேயில் வடக்குக்கும் தென்கிழக்குக்கும் இருந்த வித்தியாசம் இன்றைக்கும் என் கண்முன் நிற்கிறது.

ஐபேடில் நம் விமானம் வரைபடத்தின் மேல் நகர்வது தெரியும், ஓடுபாதையை நெருங்கினால் குரல் கொடுக்கிற செயலிகளும் வந்துவிட்டன. நல்ல விஷயம், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் தலையைக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு ஊர்ந்தால் எதிரே வருகிற எரிபொருள் வண்டி தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். தரையில் இருக்கிற ஒரே சௌகரியம் அதுதான், நிறுத்தலாம்.

இரவில் எல்லாமே இன்னும் கஷ்டம். டாக்ஸிவே ஓரத்தில் நீல விளக்குகள் இருக்கும். வரைபடத்தில் அவை வரிசை. காக்பிட்டிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு கூடை நீல மணிகளைத் தரையில் கொட்டிவிட்ட மாதிரி, எது எந்தப் பாதையின் ஓரம் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. பெரிய நிலையங்களில் நடுக்கோட்டில் பச்சை விளக்கு இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். ஓடுபாதைக்கு முன்னால் சில இடங்களில் இரண்டு மஞ்சள் விளக்குகள் மாறி மாறிக் கண் சிமிட்டும். முதல் தடவை இரவில் அதைப் பார்த்தபோது, யாரோ கையைக் காட்டி நிறுத்துகிற மாதிரி இருந்தது.

சரி, தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் புதிதாகச் சேலத்துக்காரப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். நன்றாகப் பறக்கிறான், இன்னும் சில வாரங்களில் அந்த மூன்று இறக்கங்களுக்காகப் பெரிய நிலையத்துக்குத் தனியாகப் போக வேண்டும். போன சனிக்கிழமை அவனை வலது இருக்கையில் உட்கார வைத்து, நான் வழி தவறிய அதே நிலையத்துக்குப் போனேன். விமானம் ஓட்டுவது நான், வரைபடம் அவன் கையில். அவனுக்கு என் கதையைச் சொல்லவில்லை. இறங்கி, கோடுகளைத் தாண்டி நின்றதும், "அண்ணா, வால் தாண்டிடுச்சா?" என்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதிக் கவலை போனது.

கிரவுண்ட் வழி சொன்னது. சார்லி, பிராவோ, 18க்கு முன்னால் நில். அதே வழி. அவன் எழுதினான், நான் திருப்பிச் சொன்னேன், ஊர்ந்தோம். அந்தச் சிமென்ட் திடல் வந்தது. இரண்டு மஞ்சள் கோடுகள் வலப்பக்கம் வளைந்தன. நான் ஒன்றும் சொல்லவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தேன். அவன் வரைபடத்தைப் பார்த்தான், வெளியே பார்த்தான், வரைபடத்தைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தான்.

"அண்ணா, ரெண்டு கோடு போகுது. எனக்குத் தெரியல. நிறுத்துங்க, கேட்டுடலாம்."

பிரேக்கை மிதித்தேன். மைக் பட்டன் அவன் பக்கத்திலும் இருக்கிறது, நீயே கேள் என்றேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு அழுத்தினான்.